ஆளுக்கு ஒரு செம்பு

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான். தாலுகா ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் அதற்குப் பிறகு. கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு. பெய்யாவிட்டால் தீப்பெட்டி. எழுபதுகளின் கடைசியில் மழை அடுத்தடுத்து ஏமாற்றியபோது, காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார்கள்.

என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே போய்க்கொண்டிருந்தவள். மற்றப் பெண்கள் கட்டையில் குச்சி அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள். மருந்து கலப்பதும், அதில் குச்சித் தலையை முக்கி எடுப்பதும் ஆம்பளை வேலை. மதினியின் வேலை இரண்டிலும் சேராது. அவள் கலர் கரைப்பவள்.

தீக்குச்சித் தலையின் சிவப்புக்கும் அது எரிவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எரிகிற வேலையைக் குளோரேட்டும் கந்தகமும் பார்த்துக்கொள்ளும். குச்சியோடு ஒட்டிவைக்கிற வேலை வஜ்ஜிரப் பசைக்கு. கலர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சிங்காரித்துக்கொண்டு நிற்பதோடு சரி. ஆனாலும் அது இல்லாமல் குச்சியைக் கடைக்காரன் கையால் தொடமாட்டான். அதனால் முதலாளி மருந்து ரூமுக்குக் கொடுத்த மரியாதையைக் கலர் ரூமுக்கும் கொடுத்தார்.

நானும் அங்கே கொஞ்ச காலம் மூட்டை இறக்கினேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ரயில்வேக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வருமா வராதா என்று திரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கலர் டின்னைக் கொண்டுபோய் மதினியின் ரூமில் வைப்பது என் பொறுப்பு. டின்னின் மேல் ரோடமின் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். எங்களுக்கு அது கலர், அவ்வளவுதான்.

டின்னைத் திறந்தால் உள்ளே சிவப்பே இருக்காது. கரும்பச்சையாக, பொன்வண்டு முதுகு மாதிரி மினுங்குகிற தூள்தான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தெரியும் அதன் குணம். பச்சை போன இடம் தெரியாது. ரத்தம் என்றும் சொல்ல முடியாது, ரோஜாப்பூ என்றும் சொல்ல முடியாது, அப்படி ஒரு சிவப்பு வரும். தண்ணீர் விட விட வெளுத்து ரோஸ் ஆகுமே தவிர, நிறம் சாகாது. ஒரு சிட்டிகை போதும், ஒரு தொட்டித் தண்ணீர் சிவந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி வெயிலில் பிடித்தால், உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல ஆரஞ்சாக ஒரு மினுக்கம் ஓடும். வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அழகுக்கு ஏச்சு வாங்கலாம்.

அழகுக்கு ஏற்ற திமிரும் அதற்கு உண்டு. தூள் பறப்பது கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த தோலில் வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. வியர்க்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஒருநாள் டின்னை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டை மாற்றி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கோவில்பட்டிக்குப் படம் பார்க்கப் போனேன். தியேட்டருக்குள் ஒரே புழுக்கம். இடைவேளையில் வெளியே வந்தால் சோடா விற்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, யாரு அடிச்சா?" என்று கேட்டார். கழுத்திலிருந்து காலர் வரைக்கும் சிவப்பு இறங்கியிருந்தது. பாதிப் படத்தில் எழுந்து வந்தேன்.

மதினி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, திட்டினாள். "மூடிதான இறுக்கிருக்குன்னு நெனச்சீராக்கும்? மூடிக்கு வெளிய இருக்கது எங்க போகும்? ஈரத் துணிய வச்சுத் தொடச்சுட்டுத் தூக்கும்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்." அதற்குப் பிறகுதான் அவள் வேலை செய்வதை நான் ஒழுங்காகக் கவனித்தேன்.

டின்னைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்துவாள். தரையில் தண்ணீர் தெளிப்பாள், விழுகிற தூள் எழும்பாமல் இருக்க. அந்த ரூமுக்கென்றே ஒரு பழைய சேலை ஆணியில் தொங்கும், அதைச் சுற்றிக்கொள்வாள். மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டுவாள். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தேய்ப்பாள். பிறகு, தூளை மேலேயிருந்து தூவாமல் கரண்டியைத் தண்ணீருக்குள் இறக்கி, அங்கேயே கவிழ்ப்பாள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் களிபோலக் குழைத்து, அப்புறம் வெந்நீர் விட்டு, கட்டி இல்லாமல் கரைத்து, துணியில் வடிகட்டுவாள். கரையாத மணிகள் துணியில் நின்றுவிடும். வடிகட்டின துணியை ஆபீஸுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைத்தாக வேண்டும். கோழி கொத்தக்கூடாது, பிள்ளைகள் எடுத்து விளையாடக்கூடாது. அந்த ரூமுக்குள் வெற்றிலை கிடையாது, காப்பி கிடையாது. தாகம் என்றால்கூட வெளியே வந்து கைகழுவித்தான் குடிப்பாள்.

இத்தனைக்கும் பலன் அவள் கையில் இருந்தது. மருந்து ரூம் ஆட்களின் நகத்தைப் பார்த்தாலே எந்த ஆபீஸ் என்று சொல்லிவிடலாம். கலர் ரூமில் வருஷக்கணக்காக இருந்த மதினியின் கையில் ஒரு பொட்டுச் சிவப்பு இருக்காது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது விரலை விரித்து விரித்துப் பரிமாறுவாள். யாராவது "கலர் ரூமுக்காரி கையா இது?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். "இந்தக் கையாலதான வீட்டுல சோறு பெசையுதேன்" என்பாள், கேட்டவளுக்கு மட்டுமல்ல, பந்தி முழுவதற்கும் கேட்கும்படி.

பங்குனிப் பொங்கலுக்குப் பஞ்சுமிட்டாய் விற்க வருகிறவர் ஒரு வருஷம் அவளிடம் வந்து நின்றார். ஒரு சிட்டிகை கலர் கொடுத்தால் தன் மிட்டாய்க்கு நல்ல நிறம் வரும் என்றார். மதினி முகத்தில் கோபமே இல்லை. "தாரேன். முதல்ல நீரு ஒரு கரண்டி தின்னும், பாத்துட்டுத் தாரேன்" என்றாள். மனிதர் அந்தப் பொங்கல் முழுக்க வெள்ளை மிட்டாயே விற்றார்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பொங்கல்.

அந்த வருஷம் ஊருணி வெடித்துக் கிடந்தது. குடிதண்ணீர்க் கிணற்றில் அடியில் மட்டும் ஊற்று. வாளி விட்டால் சேறுதான் வரும். அதனால் ஒருத்தி படியில் இறங்கி, ஊற்றில் கசிவதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். மேலே இருப்பவர்கள் கயிற்றில் இழுப்பார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் மேலே நிற்பவர்கள் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசி முடித்திருப்பார்கள். இரண்டு குடத்தோடு வீட்டுக்குப் போகிறவள் ராணி மாதிரி நடப்பாள்.

இந்த லட்சணத்தில் மஞ்சள் தண்ணீர் விளையாட்டு எங்கே? எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலின் கடைசி நாள் காலையில் முறைப்பெண்கள் மச்சான்மார் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் தண்ணீர் சிவக்கும், அதற்கு மவுசு கூடுதல். வழக்கமாகக் குடம் குடமாகப் போகும். விளையாட்டே வேண்டாம் என்றால் அம்மன் கோபிக்கும் என்று சிலர் சொன்னார்கள். தண்ணீரைக் கொட்டினால் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் கோபிப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் ஊர்க்கூட்டத்தில் முடிவானது: ஆளுக்கு ஒரு செம்பு. அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நான் அப்போது மிதந்துகொண்டிருந்தேன். ரயில்வேயிலிருந்து பதில் வந்துவிட்டது. பாயிண்ட்ஸ்மேன் வேலை, அனேகமாக மணியாச்சி ஜங்ஷனில். அடுத்த வாரம் மதுரையில் கண் பரிசோதனை, அதில் தேறினால் வேலை உறுதி. தண்டவாளம் மாற்றுகிறவனுக்குக் கண் சுத்தமாக இருக்க வேண்டும், சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெரிய வேண்டும். என் கண்ணைப் பற்றி எனக்கு ஏற்கெனவே மண்டைக்கனம். பாஞ்சாலங்குறிச்சி ரோட்டில் வருகிற பஸ்ஸின் போர்டை ஊர் எல்லையிலிருந்தே படிப்பேன் என்று அளப்பேன். அண்ணனுக்கு நிலம் காய்ந்து கிடந்தது, அப்பாவுக்கு இளைப்பு. அந்த வேலை எனக்கு மட்டும் வேலை இல்லை, வீட்டில் எல்லோருக்கும் சோறு.

அன்று காலை கோயில் முன்னால் நான் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். மற்ற மச்சான்மார் ஓட, நான் ஓடவில்லை. என் மாமா மகள் செம்போடு வந்தாள். அவளும் அதே ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். "ஓடலையா மச்சான்?" என்றாள். "ஒரு செம்புத் தண்ணிக்கு நான் எதுக்கு ஓடுதேன்? ஊத்து, பாப்பம்" என்று முகத்தைத் தூக்கிக் காட்டினேன், கண்ணைக்கூட மூடாமல்.

அவள் என்ன செய்திருந்தாள் என்பதைப் பின்னால் அவளே சொன்னாள். ஒரே ஒரு செம்புதான் ஊற்றலாம் என்றால், அந்த ஒரு செம்பு பத்து நாளைக்கு நிற்க வேண்டாமா? மதுரையில் பரிசோதிக்கிற டாக்டர், இந்த மாப்பிள்ளைக்கு ஊரில் முறைப்பெண் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? டின் பூட்டுக்குள் இருந்தது. மதினி புதைக்கச் சொல்லி அவளிடம் கொடுத்த வடிகட்டின துணியில் ஒன்றைப் புதைக்காமல் ஒளித்து வைத்திருந்தாள். காய்ந்துபோன அந்தத் துணியைச் செம்புக்குள் உதறிவிட்டு, உடனே ஓடிவந்து ஊற்றிவிட்டாள். மதினி களியாகக் குழைப்பதும் வெந்நீரில் கரைப்பதும் குச்சி அடுக்குகிற கூடத்துக்குத் தெரியாது. கரையாத மணிகள் தண்ணீரோடு வந்து என் இடது கண்ணில் விழுந்தன.

மிளகாய்ப்பொடி விழுந்தாலும் அப்படி இருக்காது. நான் கத்தினேன். ஊரே சிரித்தது. தப்பு அவர்கள்மேல் இல்லை, கூட்டத்தைக் கண்டால் கோமாளித்தனம் பண்ணுவது என் வழக்கம். நான் உருள உருள அவர்களுக்குக் கொண்டாட்டம். "ஏலே, போதும்லே, எந்திரி" என்று அண்ணனே சொன்னான்.

மதினி மட்டும் தரையைப் பார்த்தாள். என் முகத்திலிருந்து வழிந்த தண்ணீர் கோயில் முன்னால் இருந்த கல்லில் தேங்கி, வெயிலில் ஆரஞ்சாக மினுங்கியது. சுண்ணாம்புச் சிவப்பு அப்படி மினுங்காது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துத் தரையோடு அழுத்தினாள். "கசக்காதீரு. செத்தாலும் கசக்காதீரு. அது கலரு."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணனை என் கைகளைப் பிடிக்கச் சொன்னாள். என்னை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள், நல்ல கண்ணுக்குள் போய்விடாமல் வெளிப்பக்கமாக வழியட்டும் என்று. இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, செம்பிலிருந்து நூல்போலத் தண்ணீர் விட்டாள். மூக்கோரத்தில் தொடங்கி வெளியே. நிறுத்தவேயில்லை.

யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள். பிள்ளைக்காரி ஒருத்தி வந்தும்விட்டாள். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். "ஒண்ணும் வேண்டாம். எண்ணெ விட்டா உள்ளயே ஒட்டிக்கிடும். தண்ணி போதும்" என்றாள் மதினி. எங்கள் வீட்டுக் குடம் தீர்ந்தது. கோயிலுக்கு வைத்திருந்த குடமும் தீர்ந்தது. அம்மா "இவ்வளவு போதாதாட்டி?" என்று கேட்டாள். "வடியுத தண்ணி வெள்ளையா வரணும். அதுவரைக்கும் போதாது" என்றாள் மதினி. பிறகு தலையை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள். "தண்ணி வேணும்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணையும் திறக்க முடியவில்லை. காதில் மட்டும் எல்லாம் விழுந்தது. அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் இறங்கிச் சிரட்டையில் மொண்ட தண்ணீர். அதை விட்டால் அன்றைக்கு உலையில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேனோ என்னவோ.

பிறகு வளையல் சத்தம் கேட்டது. ஒரு குடம் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தது. பித்தளைக் குடம். "இந்தா, ஊத்து" என்றது அத்தையின் குரல், செம்பு ஊற்றியவளின் அம்மா. அடுத்து ஒரு மண்பானை. அடுத்தது ஈயம் பூசின தவலை. வரப்புத் தகராறில் எங்கள் வீட்டோடு முகம் பாராமல் இருந்த பக்கத்துக் காட்டுக்காரர் மனைவியும் வந்தாள். பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் குடத்தை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். தெருக் கடைசியில் ஆடு மேய்க்கிற வீட்டு அம்மாள், குட்டிகளுக்கு என்று மூடிவைத்திருந்த பானையைக் கொண்டுவந்தாள். "ஆடு சாயங்காலம் வரைக்கும் தாங்கும் தாயி. கண்ணு தாங்காது" என்றாள். இன்னும் எத்தனை வேண்டும் என்று ஒருத்தி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு செம்பு என்று கூட்டம் போட்டுச் சொன்ன ஊர் அது.

மதினி பேசிக்கொண்டே இருந்தாள். "இப்ப ரோஸா வருது. இன்னும் இருக்கு. கொழுந்தனாரே, கண்ண உருட்டும். மேல பாரும். கீழ பாரும். சும்மா ஊருக்கெல்லாம் அளப்பீருல்ல, இப்பப் பாரும்." நான் அழுதேன். கண் எரிச்சலில் அழுதேனா, வேலை போய்விடுமே என்று அழுதேனா, அந்தக் குடங்களின் சத்தத்துக்கு அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணீரும் நல்லதுதான், அதுவும் கழுவும் என்றாள் அவள்.

வடிகிற தண்ணீர் வெளுத்ததும் ஈரத் துணியைக் கண்மேல் போட்டு வண்டியில் ஏற்றினார்கள். ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பொறுமையானவர். நடந்ததை அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, தானும் ஒருமுறை கழுவி, இமையைப் புரட்டிப் பார்த்து, ஒட்டியிருந்த ஒரு சிறு துணுக்கை எடுத்தார். கருவிழியில் சிராய்ப்பு இருக்கிறது, ஆறுவதும் ஆறாததும் போகப் போகத்தான் தெரியும் என்றார். சொட்டு மருந்து விட்டுக் கட்டுப் போட்டு, வெளிச்சத்தில் இருக்காதே என்று அனுப்பினார். மதுரைக்குப் போக வேண்டியதைச் சொன்னேன். "கட்டு அவிழ்க்கும்போது பார்ப்போம்" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வீட்டின் உள்ளறையில் இருட்டில் கிடந்தேன்.

பயந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு, கட்டுக்குள் இடது கண்ணால் இருட்டைப் பார்த்துக் குருடு என்றால் இப்படித்தானோ என்று ஒத்திகை பார்த்தேன். அம்மா சோறு கொண்டுவந்து வைப்பாள். மாமா மகள் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போவாள். அவளை அன்றைக்குத் திட்டுவதற்கு நான் தயார்பண்ணி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அந்த அழுத குரலைக் கேட்டு வீணாகப் போயின. அப்புறம் அவற்றையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு தவணை முறையில் உபயோகித்துக்கொண்டேன்.

மதினியை மட்டும் நான் பார்க்கவேயில்லை. விடிவதற்கு முன்னால் கிணற்றுக்குப் போய்விடுவாள், அங்கிருந்து ஆபீஸ், திரும்பவும் கிணறு. வாசலில் குரல் மட்டும் கேட்கும். "கட்ட அவுத்துப் பாத்தாரா? பிச்சுப்போடுவேன்னு சொல்லுங்க." இவ்வளவுதான் நலம் விசாரிப்பு.

கட்டை அவிழ்த்தபோது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தழும்பு விழவில்லை என்றார். ஆனாலும் பார்வையில் மெல்லிய புகை மாதிரி ஒன்று இருந்தது. மதுரைக்குப் போகும் நாள் வரைக்கும் அது கரைந்துகொண்டே வந்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் வந்த கைகாட்டி மரங்களை இடது கண்ணால் மட்டும் எண்ணிக்கொண்டே போனேன்.

பரிசோதனை அறையில் முதலில் சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, எதிரே சிறு சிறு வெளிச்சங்களைக் காட்டி நிறம் கேட்டார்கள். பச்சை. வெள்ளை. அடுத்தது சிவப்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லுப்பா" என்றார் டாக்டர். சிவப்பு என்றேன். விளக்கைப் போட்டு, என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். காதோரமும் கழுத்தும் இன்னும் ரோஸாகவே இருந்தன. இது என்ன என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். கண்ணை மறுபடியும் கருவி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவினாங்க?"

"எங்க தெருத் தண்ணி பூரா சார்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். தேறிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவு. மத்தியானம் ஊருக்குத் திரும்பியபோது நேராக வீட்டுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் கிணற்றடியில்தான் இருப்பார்கள். குடங்கள் வரிசையில் நின்றன. அத்தை, பக்கத்துக் காட்டுக்காரர் மனைவி, ஆட்டுக்கார அம்மாள் எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் சிரிப்பைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகம் பாராத வீட்டுக்காரி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கீழ யாரு எறங்கியிருக்கா?" என்று கேட்டேன்.

"ஒன் மதினிதான்யா" என்றாள் ஆட்டுக்கார அம்மாள். "அன்னைலருந்து எங்க ஒருத்தரையும் எறங்க விடல. எங்க குடத்தையெல்லாம் அவளே மொண்டு மொண்டு அனுப்புதா. வேண்டாம்னா ஏசுதா."

கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்தேன். உச்சி வெயில் நேராக அடிவரை இறங்கியிருந்தது. மதினி சேற்றில் குந்தியிருந்தாள்.

"மதினி, பாஸாயிட்டேன். மணியாச்சிதானாம்."

சிரட்டைச் சத்தம் நின்றது. அவள் நிமிரவில்லை.

"சரி, அந்தக் கண்ணோட வெயில்ல நிக்காதீரு. வீட்டுக்குப் போம்" என்றாள். பிறகு கையை நீட்டி மறுபடியும் ஊற்றில் சிரட்டையை வைத்தாள். என் கண்ணைக் கழுவின அன்றைக்கு எண்ணெய் தேய்க்க அவளுக்கு நேரம் இருந்திருக்காது. வருஷக்கணக்கில் ஒரு பொட்டு ஒட்டாத அந்தக் கை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்து கிடந்தது. அவ்வளவு ஆழத்திலும், இடது கண்ணால், எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.